ஆசன எண்ணிக்கைக்கு மட்டும்

கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்கு
பதினொரு வருடம் ஒற்றைக் காலில் போயிருக்கிறேன்.
மற்றக் கால் யாருடைய செருப்பின் மேலோ இருக்கும்.
ஏழு பத்து பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கத் தேவையில்லை,
விழ இடமிருந்தால்தானே.

"உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க,
நடுவுல புட்போல் வெளையாடலாம்" என்பான் மோசஸ்.
அதையே சிங்களத்திலும் சொல்வான்.
இரண்டு மொழியிலும் யாரும் நம்பவில்லை.
இரண்டு மொழிக்காரரும் நகர்ந்தோம்.

யோகராணி மட்டும் எப்படியோ சீட் பிடித்துவிடுவாள்.
என் பை, என் குடை,
முன்பின் தெரியாத ஒருத்தியின் பிள்ளை,
எல்லாம் அவள் மடியில் ஹட்டன் வரை வரும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
ஆறு மணியோடு ஊரடங்கு.
நான் பார்மசியில் பில் போடுகிறவள்,
கடை திறந்தாக வேண்டும்.
கையில் பாஸ் இருந்தது.
ரோட்டில் பஸ் இல்லை.

ரயிலும் இல்லை, அதனால் தண்டவாளத்தில் நடந்தேன்.
சிலிப்பர் கட்டைகளை
யார் எட்டுக்கு அளந்து போட்டார்களோ,
ஒன்றில் வைத்தால் குறைகிறது,
ஒன்றைத் தாண்டினால் இடுப்பு வலிக்கிறது.
சிங்கமலைச் சுரங்கத்தின் பாதியில்
போன் வெளிச்சம் செத்துப்போன ஒரு காலை,
எதிரே யாரோ இருமினார்.
நின்றேன். அவரும் நின்றார்.
சுவரில் நீர் சொட்டுகிற சத்தம்.
முகம் தெரியாமலே
ஆளுக்கொரு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு
பல்லி மாதிரிக் கடந்தோம்.
கடந்து கொஞ்ச தூரம் போன பிறகு
இருட்டுக்குள்ளிருந்து வந்தது:
"தூசிங்க. மன்னிச்சுக்கங்க. தூசி."

மோசஸைப் பிறகு கொமர்ஷல் சந்தியில் கண்டேன்.
கடன் வாங்கிய த்ரீவீலில்
போஞ்சியும் லீக்ஸும் ஏற்றி வந்திருந்தான்.
"பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க,
ஒரு மீட்டர் விட்டு நில்லுங்க!"
அதே தொண்டை.
நாங்கள் பழக்கதோஷத்தில்
முன்னுக்கு நகர்ந்தோம்.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கியபோது
கண்ணாடியில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்.
சிங்களம் பெரிதாக, கீழே தமிழ்:
ஆசன எண்னிக்கைக்கு மட்டும்.
எழுத்துப் பிழையோடுதான் எனக்கு முதன்முதலாக
ஜன்னலோரம் கிடைத்தது.
பதினொரு வருடமாக நான் கண்ட மலைநாடு
முன்னால் நிற்பவரின் சட்டைக் காலர்.
இந்தப் பாதையில் இத்தனை வளைவா,
வளைவுக்கு வளைவு இத்தனை பேர் நிற்கிறார்களா.
மழைச் சீலையைத் தலையில் போட்டபடி
ஒருத்தி கையை நீட்டினாள்.
மோசஸ் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.
பஸ் நிற்கவில்லை.
நான் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி
வேறு பக்கம் பார்த்தேன்.
மறுநாளும் அதே வளைவில் அவள்,
மறுநாளும் நான் சீட்டில்.

யோகராணி லீசிங்கில் ஸ்கூட்டி எடுத்துவிட்டாள்.
"எவன் மூச்சும் மேல படாமப் போறேன்டி" என்கிறாள்.
ஹெல்மெட்டுக்குள் மாஸ்க், மாஸ்க்குக்குள் சிரிப்பு,
எங்கள் பஸ்ஸை முந்தும்போது
இரண்டு தடவை ஹோர்ன் அடிப்பாள்.
அது எனக்குத்தான் என்று
பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும்.
பின்னால் ஏறச் சொன்னாள், இரண்டு முறை.
பெற்றோலுக்குப் பாதி கேட்பாளோ என்று
ஏறவில்லை. அது மட்டும் காரணமில்லை,
மற்றதை இன்னும் யோசிக்கவில்லை.

அறிவித்தலை இப்போது பாதி கிழித்துவிட்டார்கள்.
புட்போல் மைதானம் திரும்பி வந்துவிட்டது.
அந்த வளைவில் நிற்கிறவளும் ஏறிவிடுகிறாள்,
நேற்று என் செருப்பு மேல்தான் நின்றாள்.
அந்த நெரிசலில், பழைய ஞாபகத்தில்,
உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் பையை நீட்டிவிட்டேன்.
அவள் பையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து
இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டாள்,
விரலிடுக்கு விடாமல், அவசரமில்லாமல்.
நீட்டிய கையை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல்
ஒரு வளைவு முழுக்க நின்றேன்.

பிறகு வாங்கிக்கொண்டாள்.
ஹட்டன் வரை
பை மடியில்,
நான் ஒற்றைக் காலில்.